மலைக்கு அந்தப் பக்கம் படகு போகிறது

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகிறவர்கள் ஆண்டாளைத் தரிசனம் செய்துவிட்டு, கையோடு இரண்டு பொட்டலம் பால்கோவா வாங்கிக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். ஊரின் மேற்குப் பக்கம் வந்து நின்று சற்று நிமிர்ந்து பாருங்கள். நீலமாக ஒரு மலைத்தொடர் தெரிகிறதல்லவா? அதன் அடிவாரத்தில் இருக்கிறது செண்பகத்தோப்பு. தூரம் பத்துக் கிலோமீட்டர் இருக்கலாம். வழியெல்லாம் மாந்தோப்பும் தென்னந்தோப்பும் நிழல் பரப்பிக் கொண்டிருக்கும். மலை கிட்டே வர வர வெயிலின் கோபம் தணிந்து காற்றுக்கு ஒரு குளுமை வந்துவிடும்.

இங்கே காட்டழகர் கோவில் கொண்டிருக்கிறார். மீன்வெட்டிப் பாறை என்று ஓர் அருவி இருக்கிறது. மலையையே தாய்வீடாகக் கொண்ட பளியர்களின் குடியிருப்பு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பூனையைப் போல் பருத்த உடலும் புசுபுசுவென்ற நீண்ட வாலும் கொண்ட சாம்பல் நிற மலை அணில் இருக்கிறது. அந்த அணிலுக்காகவே 1988-ல் இந்தக் காட்டைச் சரணாலயமாக்கினார்கள். 2021-ல் இதையும் மேகமலையையும் சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கிவிட்டார்கள். ஆகவே, நினைத்த மாத்திரத்தில் காட்டுக்குள் நுழைந்துவிட முடியாது. வனத்துறையாரைக் கேட்டுக்கொண்டு, அவர்கள் விட்ட எல்லை மட்டும்தான் போகலாம்.

ஆனால் இன்று நான் உங்களை அழைத்து வந்தது அணிலைக் காட்டுவதற்கு அல்ல, படகைக் காட்டுவதற்கு!

"செண்பகத்தோப்பில் படகா? முழங்கால் நனையாத ஓடையில் என்ன படகு ஐயா விடுவார்கள்?" என்று நீங்கள் சிரிப்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

பாளைப் படகு

இந்த அடிவாரத்தில் என் அத்தைக்கு ஒரு சின்னத் தென்னந்தோப்பு உண்டு. அத்தைக்கு எண்பது வயதுக்கு மேல் ஆகிறது. இளமையில் சென்னையில் மயிலாப்பூரில் இருந்தவள். கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தபிறகு, மலையைவிட்டு நகர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். தோப்பின் ஓரமாக ஓர் ஓடை. ஐப்பசி, கார்த்திகை மழையில் அது சிங்கம்போலக் கர்ஜிக்கும். மற்ற மாதங்களில் பூனைபோலப் பதுங்கிப் போகும்.

நான் போயிருந்த அன்று, அத்தையின் பேத்தி உலர்ந்த தென்னம்பாளை ஒன்றை ஓடையில் மிதக்கவிட்டு, அதில் கூழாங்கற்களை ஒவ்வொன்றாக ஏற்றிக் கொண்டிருந்தாள்.

"மாமா, இது சரக்குப் படகு. சமுத்திரத்துக்குப் போய்ச் சேருமா?" என்று கேட்டாள்.

நான் பதில் சொல்வதற்குள் திண்ணையிலிருந்து அத்தை குரல் கொடுத்தாள்: "கண்மாய் வரைக்கும் போகும். அதுவும் வரத்துக்கால் தூர்ந்து போகாமல் இருந்தால்!"

அத்தை சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. இந்தச் சீமைத் தண்ணீர் வைப்பாற்றைச் சேர்ந்தது. வழியிலுள்ள கண்மாய்களை நிரப்பி, நெல்லுக்கும் தென்னைக்கும் பாய்ந்து, மிச்சம் இருந்தால்தான் தூத்துக்குடி மாவட்டத்தைத் தாண்டி மன்னார் வளைகுடாவைப் பார்க்கும். வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் வைப்பாற்றில் நடந்தே அக்கரை போகலாம். இதில் படகுக்கு எங்கே போவது?

அப்போது அத்தை, மூலையில் சாத்தியிருந்த உர மூட்டையைக் காட்டி, "அதிருக்கட்டும். இந்த மூட்டை எங்கேயிருந்து எப்படி வருதுன்னு யாரையாவது கேட்டுச் சொல்லேன். தடவைக்குத் தடவை காசு கூடுது. நடந்தா வருது, பறந்தா வருது?" என்று கேட்டாள்.

மூட்டையைப் புரட்டிப் பார்த்தேன். தமிழ்நாட்டு விவசாயிகளுக்குப் பழகிப்போன ஃபாக்டம்பாஸ் உரம். 50 கிலோ. மலைக்கு அந்தப் பக்கம், கொச்சிக்கு அருகில் தயாரானது. அத்தையின் மூட்டை நடந்தும் வரவில்லை, பறந்தும் வரவில்லை. அதில் இருக்கிற சரக்கு முதல் பாதி வழி படகில் போனது என்று அன்றைக்கு எனக்கே தெரியாது!

மூன்று பக்கம் வழியும் கூரை

நம் வீட்டு ஓட்டுக் கூரையின் முகட்டில் விழும் மழை என்ன செய்கிறது? ஒரு துளி முற்றத்துப் பக்கம் வழிகிறது. பக்கத்துத் துளி தெருப் பக்கம் வழிகிறது. செண்பகத்தோப்புக்கு மேலே நிற்கும் மலையும் இப்படி ஒரு கூரைதான். கிழக்குச் சரிவின் நீர் நம் கண்மாய்களுக்கு வருகிறது. வடமேற்கே, வருசநாட்டுப் பக்கம் வழிவது வைகையாகி மதுரைக்குப் போகிறது. தென்மேற்கே, சிவகிரி மலைப் பக்கத்தில் பிறப்பது பெரியாறு.

மூன்றாவது பிள்ளையான பெரியாறுதான் அதிர்ஷ்டக்காரப் பிள்ளை. 1895-ல் கர்னல் பென்னிகுவிக் அணை கட்டி அதன் நீரைக் குகை வழியாக வைகைப் பக்கம் திருப்பிவிட்ட கதை உங்களுக்குத் தெரியும். அப்படியும் அது இளைத்துவிடவில்லை. அணைக்குக் கீழே பல கிளையாறுகள் வந்து சேர, மொத்தம் 244 கிலோமீட்டர் ஓடி, ஆலுவாயைத் தாண்டிக் காயலோடும் கடலோடும் கலக்கிறது. அங்கே அதன் மார்பின் மேல் படகு போகிறது. விளையாட்டுப் படகல்ல, நூற்றுக்கணக்கான டன் சுமக்கும் சரக்குப் படகு.

ராஜபாளையத்தில் ரயில் ஏறினேன். மதுரையிலிருந்து குருவாயூர் போகும் வண்டி. பஞ்சாலைகளின் ஊரைத் தாண்டி, செங்கோட்டையைத் தாண்டி, மலையைக் குடைந்த குகைகளுக்குள் புகுந்து புறப்பட்டு, பதின்மூன்று கண் பாலத்தின்மேல் வளைந்து போகும்போது ஜன்னலோரத்தில் இடம் பிடிக்கச் சண்டையே நடக்கும். 1904-ல் இந்தப் பாதையைப் போட்டார்கள். அதற்கு முன்பு ஆரியங்காவுக் கணவாய் வழியாக மாட்டு வண்டிகளும் பொதி மாடுகளும்தான். காளைகள் நுரை தள்ள ஏறிய அந்த ஏற்றத்தை நினைத்துக்கொண்டே கொச்சி போய்ச் சேர்ந்தேன்.

சம்பக்கரை

கொச்சித் துறைமுகமே ஒரு வேடிக்கையான கதை. கடல் வாயை அடைத்திருந்த மணல் திட்டை வெட்டிக் கப்பல்களுக்கு வழி திறந்தார் ராபர்ட் பிரிஸ்டோ என்ற என்ஜினீயர். 1928-ல் முதல் கப்பல் உள்ளே வந்தது. தோண்டி எடுத்த மண்ணை வீணாக்காமல் கொட்டி ஒரு தீவையே உண்டாக்கிவிட்டார்கள். அதுதான் வில்லிங்டன் தீவு.

அத்தையின் மூட்டைக்கு மூலப்பொருள் இந்தத் துறைமுகத்தில்தான் வந்து இறங்குகிறது. நம் நாட்டில் போதிய பாஸ்பேட் பாறை கிடையாது. ஜோர்டான், மொராக்கோ முதலிய தேசங்களிலிருந்து வாங்குகிறோம். கந்தகமும் கப்பலில் வருகிறது. ஆனால் கப்பல் நிற்கிற இடம் ஒன்று, உரத் தொழிற்சாலை இருக்கிற இடம் வேறு. தொழிற்சாலைகள் இரண்டு: பெரியாற்றங்கரையில் உத்தியோகமண்டலத்தில் ஒன்று, கிழக்கே அம்பலமேட்டில் மற்றொன்று. இடைவழியில்தான் படகுக்கு வேலை.

உத்தியோகமண்டலத்துக்குப் போகும் நீர்வழி 23 கிலோமீட்டர். அம்பலமேட்டுப் பக்கம் போவது 14 கிலோமீட்டர். இந்த இரண்டாவது கால்வாயின் பெயர் என்ன தெரியுமா? சம்பக்கரை! செண்பகத்தோப்பிலிருந்து கிளம்பி வந்தவனுக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் எப்படி இருந்திருக்கும்? ஊர்க்காரர் ஒருவரைச் சந்தையில் கண்ட மாதிரி இருந்தது.

உத்தியோகமண்டலத்து ஆலைக்கும் நமக்கும் இன்னோர் உறவு உண்டு. திருவாங்கூர் திவான் சர் சி. பி. ராமஸ்வாமி ஐயர் காலத்தில், 1943-ல் அந்தக் கம்பெனியை நிறுவியவர்கள் நம் திருச்சி சேஷசாயி சகோதரர்கள். 1947-ல் உற்பத்தி தொடங்கியபோது அம்மோனியா தயாரிக்க எதை உபயோகித்தார்கள் தெரியுமா? விறகை! இந்தியாவின் முதல் பெரிய உர ஆலைகளில் ஒன்று, நம் பாட்டிமாரின் அடுப்பைப் போலவே விறகை நம்பித்தான் வாழ்க்கையைத் தொடங்கியது.

கிணற்றில் குடம்

சம்பக்கரைக் கால்வாயின் கரையில் நின்றேன். இருபுறமும் தென்னைகள் குனிந்து தண்ணீரில் முகம் பார்த்துக் கொண்டிருந்தன. தூரத்தில் ஏதோ ஒரு கறுப்புத் திட்டு நகர்ந்து வருவதுபோல் தெரிந்தது. கிட்டே வந்ததும்தான் அது சரக்குப் படகு என்று புரிந்தது. இதைப் 'பார்ஜ்' என்கிறார்கள். அழகு என்று சொல்ல ஒன்றும் இல்லை. தட்டையான அடி, பெட்டி போன்ற உடல், பின்புறம் ஒரு சின்ன அறை. பாரத்தினால் ஆழ அமிழ்ந்து, விளிம்புக்கும் தண்ணீருக்கும் ஒரு முழம்தான் இடைவெளி. நிறைமாதக் கர்ப்பிணி மெல்ல நடந்து வருவதுபோல, அவசரமே இல்லாமல் வந்தது. அலைகூட எழுப்பாமல் போயிற்று.

இதன் ரகசியம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கிணற்றில் தண்ணீர் இறைத்திருக்கிறீர்களா? நிறைந்த குடம் நீருக்குள் இருக்கும் வரை கயிற்றில் பாரமே தெரியாது. நீர்மட்டத்தைவிட்டு மேலே வந்த அந்தக் கணத்தில்தான் "அப்பாடா!" என்று கை கனக்கும். உள்ளே இருந்தவரை குடத்தைத் தாங்கியது தண்ணீர். வெளியே வந்தபின் தாங்குவது நம் கை. லாரியில் போகும் மூட்டை கிணற்றுக்கு வெளியே வந்த குடம். படகில் போகும் மூட்டை இன்னும் கிணற்றுக்குள் இருக்கும் குடம். பாரத்தைத் தண்ணீர் தாங்கிக்கொள்கிறது. என்ஜினுக்குத் தள்ளுகிற வேலை மட்டும்தான்.

நீர்வழித் துறையினர் ஒரு கணக்குச் சொல்வார்கள். ஒரு குதிரைத்திறன் சக்தியால் சாலையில் 150 கிலோ சரக்கை நகர்த்தலாம். தண்டவாளத்தில் 500 கிலோ. தண்ணீரிலோ 4,000 கிலோ! முந்நூறு டன் ஏற்றிய ஒரு படகை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சரக்கையே பதினைந்து டன் லாரிகளில் ஏற்றினால் இருபது லாரி வேண்டும். இருபது லாரியும் எர்ணாகுளத்துத் தெருக்களில் வரிசையாகப் போனால், பள்ளிக்கூடம் விட்டு வரும் குழந்தைகள் எப்படித் தெருவைக் கடப்பார்கள்? சரக்கு பாஸ்பேட், கந்தகம் மட்டுமல்ல. அம்மோனியாவும் பாஸ்பாரிக் அமிலமும்கூட இந்த வழியில் படகேறிப் போயிருக்கின்றன. ஜனநெருக்கடி மிகுந்த தெருவில் வர வேண்டாத விருந்தாளிகள் இவை.

படகுக்காரரைச் 'சரங்கு' என்கிறார்கள். கரையோரம் படகைக் கட்டியிருந்த சரங்கு ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். தமிழும் மலையாளமும் கலந்து, தம் தொழிலின் சூட்சுமத்தை இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். வழியில் பாலம் தாழ்ந்திருந்தால் கடல் வற்றம் வரும் வரை காத்திருக்க வேண்டும். வழியில் மண் மேடிட்டிருந்தால் ஏற்றம் வரும் வரை காத்திருக்க வேண்டும்.

"இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால்?" என்று கேட்டேன்.

"அப்போது லாரிக்காரனுக்கு யோகம்!" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்குள் ஒரு வருத்தம் இருந்தது.

ஆணி இல்லாத வள்ளம்

ஒரு காலத்தில் இந்தக் காயல்களில் லாரிக்காரனுக்கு வேலையே இல்லை. ராஜா கேசவதாஸ் வளர்த்த ஆலப்புழைத் துறைமுகத்துக்கு, குட்டநாட்டு நெல்லும், கொப்பரையும், கயிறும், மலையிலிருந்து இறங்கிய மிளகும் 'கெட்டுவள்ளம்' என்ற பெரிய படகுகளில் வந்து குவிந்தன. கெட்டு என்றால் கட்டு. ஆஞ்சிலி மரப் பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்துக் கட்டியே அந்தப் படகைச் செய்தார்கள். ஓர் இரும்பு ஆணிகூடக் கிடையாது! முந்திரிக் கொட்டையின் ஓட்டிலிருந்து எடுத்த எண்ணெயைப் பூசினால் பலகை உளுத்துப் போகாது. இருவர் மூவர் கழி ஊன்றித் தள்ளுவார்கள். காற்றடித்தால் பாய் விரிப்பார்கள். சமையலும் படுக்கையும் படகிலேயே.

திருவனந்தபுரத்திலிருந்து வடக்கே படகு போவதற்காக வர்க்கலையில் குன்றையே குடைந்து நீர்க்குகை வெட்டினார்கள். 1880-ல் அந்த வேலை முடிந்தது. கல்லைக் குடைந்தாவது படகுக்கு வழிவிட வேண்டும் என்று நினைத்த காலம் அது!

பிறகு சாலை வந்தது, லாரி வந்தது. கெட்டுவள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கரை ஏறின. 1990-களில் யாருக்கோ நல்ல யோசனை தோன்றியது. சரக்கு இருந்த இடத்தில் கட்டிலும் நாற்காலியும் போட்டார்கள். ஆலப்புழையில் புதுமணத் தம்பதிகள் ஏறிச் சுற்றுகிறார்களே, அந்தப் படகு வீடு பிறந்தது இப்படித்தான். நெல் சுமந்த படகு தேனிலவைச் சுமக்கிறது. போகட்டும், படகு பிழைத்ததே!

1993-ல் கொல்லம் முதல் கோட்டப்புறம் வரையிலான 168 கிலோமீட்டரையும், மேலே சொன்ன இரண்டு கால்வாய்களையும் சேர்த்து மூன்றாவது தேசிய நீர்வழி என்று அரசாங்கம் அறிவித்தது. 2016-ல் அதைக் கோழிக்கோடு வரை நீட்டியும் சட்டம் செய்தார்கள். ஆழப்படுத்தினார்கள், ஆங்காங்கே இறங்குதுறைகள் கட்டினார்கள். ஆயினும் சரக்குப் போக்குவரத்தின் பெரும்பகுதி கொச்சியைச் சுற்றியே நின்றுவிட்டது. மற்ற இடங்களில் துறை இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, மூட்டைதான் இல்லை.

மயிலாப்பூர் அடுப்பு

செண்பகத்தோப்புக்குத் திரும்பியதும் அத்தையிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் திடீரென்று, "இதிலே என்னடா அதிசயம்? எங்க வீட்டு அடுப்பே படகிலே வந்த விறகாலேதான் எரிஞ்சது!" என்றாள்.

சென்னை வாசகிகளே, உங்கள் பாட்டியோ அம்மாவோ அருகில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அத்தை சொன்னது நம் பக்கிங்காம் கால்வாயைப் பற்றி. அவள் சிறு பெண்ணாக இருந்தபோது, பாலத்தின்மேல் நின்று படகுகளை எண்ணுவாளாம். சவுக்குக் கட்டை மலைபோல் ஏற்றிய படகு, உப்புப் படகு, சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல் ஏற்றிய படகு. கரையிலே ஆட்கள் நடந்து கயிற்றைத் தோளில் மாட்டி இழுத்துப் போவார்களாம். படகிலிருந்து விறகு தொட்டிக்கு வரும்; தொட்டியிலிருந்து தலைச்சுமையாக வீட்டுக்கு வரும். "மழைக்காலத்திலே படகு தாமதமானா, அம்மா ஈர விறகை ஊதி ஊதிக் கண்ணைக் கசக்கிக்கிட்டு நிப்பா" என்றாள்.

அந்தக் கால்வாயை 1806-ல் சென்னைக்கு வடக்கே எண்ணூர்ப் பக்கம் வெட்டத் தொடங்கினார்கள். பின்னால் சிறிது சிறிதாக நீட்டி, ஆந்திரத்தில் பெத்தகஞ்சாம் முதல் தமிழ்நாட்டில் மரக்காணம் வரை 420 கிலோமீட்டர் ஆக்கினார்கள். நகரத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் எட்டுக் கிலோமீட்டர் இருக்கிறதே, அது சாதாரண மண் வேலை அல்ல. 1876 முதல் 1878 வரை நாட்டைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தில், ஒரு வேளைக் கஞ்சிக்காக வந்து சேர்ந்த ஏழை ஜனங்கள் மண்வெட்டி பிடித்து வெட்டியது. அன்றைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயரை அதற்கு வைத்தார்கள். வெட்டியவர்கள் பெயரை யார் எழுதி வைத்தார்கள்?

1965, 1966-ஆம் வருஷங்களின் புயல்கள் கால்வாயைக் குலைத்தன. அதற்குள் லாரியும் பெருகிவிட்டது; வீடுகளில் மண்ணெண்ணெயும், பின்னால் காஸும் வந்தன. படகு குறைந்தது. படகு குறைந்ததும் தூர் வாருவதில் சிரத்தை குறைந்தது. தூர் வாராததால் இருந்த படகும் நின்றது. படகே இல்லாத கால்வாய் யாருக்கு வேண்டும்? ஊர்ச் சாக்கடையெல்லாம் அதில் வந்து விழுந்தது. 1990-களில் பறக்கும் ரயிலுக்குத் தூண்கள் நிறுத்த இடம் தேடியபோது, கால்வாயிலேயே இறக்கிவிட்டார்கள். 1997-ல் ரயில் திருமயிலைக்கு வந்தது. அத்தை படகு எண்ணிய கால்வாயின்மேல் இன்று அந்த ரயில் நிலையம் நிற்கிறது. கீழே ஓடும் நீரைப் பார்க்கிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள்.

2008-ல் இந்தக் கால்வாயும் நான்காவது தேசிய நீர்வழியில் ஒரு பகுதி என்று அறிவித்தார்கள். ஆனால் தூண்களுக்கும் சாக்கடைக்கும் நடுவே மயிலாப்பூருக்கு இனி விறகுப் படகு வரப்போவதில்லை.

லாரி ஏன் ஜெயித்தது?

தண்ணீர்வழி இவ்வளவு மலிவானால் எல்லாரும் ஏன் அதில் போவதில்லை? அத்தை கேட்ட அடுத்த கேள்வி இதுதான். நியாயமான கேள்வி.

லாரி கிடங்கு வாசலில் ஏற்றி, கடை வாசலில் இறக்கிவிடுகிறது. படகுக்கோ முதலில் துறை வரை வண்டி வேண்டும், துறையில் ஏற்றுக்கூலி, அக்கரையில் இறக்குக்கூலி, அங்கிருந்து மறுபடி வண்டி. தண்ணீரில் மிச்சம் பிடித்த காசைச் சுமைகூலி விழுங்கிவிடுகிறது. கப்பல் ஒரு முனையிலும் ஆலை மறு முனையிலும் நீரோரமாக இருந்தால்தான் லாபம். கொச்சியில் அப்படி அமைந்திருக்கிறது. அதனால்தான் அங்கே படகு நிலைத்தது. ஜெர்மனியின் ரைன் நதியோரத்தில் ஆலைகள் வரிசையாக நிற்பதால்தான் அந்த நதியும் இன்றுவரை ஒரு பெரிய சரக்கு வீதியாக இருக்கிறது. நம் நாட்டிலும் 2018 நவம்பரில் 'ரவீந்திரநாத் தாகூர்' என்ற கப்பல் 16 கண்டெய்னர்களைக் கல்கத்தாவிலிருந்து கங்கை வழியே காசிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பத்திரிகைகள் எல்லாம் படம் போட்டன. தொடர்ந்து போக வேண்டுமானால், திரும்பி வரும்போதும் படகு காலியாக வரக்கூடாது. இரு பக்கமும் சரக்கு வேண்டும்.

படகு வந்தால் எல்லாம் நன்மைதான் என்றும் சொல்லிவிட முடியாது. நீரோரத்தில் ஆலைகள் நெருங்கினால் கழிவும் நீரோடு நெருங்கும். பெரியாற்றின் கீழ்ப்பகுதியில் தண்ணீர் நிறம் மாறி மீன்கள் செத்து மிதந்த நாட்கள் உண்டு. அந்த மீனை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களுக்கு உர மூட்டையின் கணக்கு வேறு மாதிரிதான் தெரியும். சரக்கைச் சுமக்கும் நதிக்குச் சாக்கடையைச் சுமக்கும் வேலையும் சேர்த்துக் கொடுத்தால், அது எத்தனை நாள் தாங்கும்?

அத்தை சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "எனக்கு ஒண்ணு புரியுது. மயிலாப்பூரிலே படகு போனவரைக்கும் கால்வாய் சுத்தமா இருந்தது. வேலை செய்யற தண்ணியை மனுஷன் கவனிப்பான். வேலை இல்லாத தண்ணியிலே குப்பையைப் போடுவான்."

இத்தனை ஊர் சுற்றி நான் கண்டுபிடித்ததை அத்தை திண்ணையில் உட்கார்ந்தபடி சொல்லி முடித்துவிட்டாள்.

மறுநாள் காலையில் தோப்பிலே மண்வெட்டிச் சத்தம் கேட்டு விழித்தேன். அத்தை இரண்டு ஆட்களை வரவழைத்து, ஓடையிலிருந்து கண்மாய்க்குப் போகும் வரத்துக்காலில் தன் தோப்புக்கு நேரான பாகத்தைத் தூர் வாரச் சொல்லியிருந்தாள். மக்கிய மட்டைகளும், பிளாஸ்டிக் பைகளும், யாரோ வீசிய பழைய சாக்கும் கரையில் குவிந்தன. அந்தச் சாக்கைப் புரட்டிப் பார்த்தேன். உரச் சாக்குதான்! சம்பக்கரையில் தண்ணீரின்மேல் பிரயாணம் தொடங்கிய சரக்கின் சாக்கு, செண்பகத்தோப்பில் தண்ணீரை அடைத்துக்கொண்டு கிடந்தது.

"மத்தவங்க தோப்புப் பக்கம் யார் வாருவா?" என்று கேட்டேன்.

"நாம வாரினா, அவங்களுக்கும் கண் திறக்கும். திறக்காட்டா நான் போய்ச் சொல்றேன். எனக்கு என்ன பயம்?" என்றாள் அத்தை.

பேத்தி புதிய பாளை ஒன்றைக் கொண்டுவந்து, பத்துக் கூழாங்கல் ஏற்றி, தெளிந்த நீரில் விட்டாள். அது இரண்டு சுற்றுச் சுற்றி, நேராகி, தோப்பின் எல்லையைத் தாண்டிப் போயிற்று. குழந்தை கரையோடு கூடவே ஓடினாள். அடுத்த தோப்பின் ஓரத்தில் படகு குப்பையில் முட்டி நின்றுவிட்டது.

"பாட்டி, இங்கேயும் வார வேண்டியிருக்கு!" என்று அங்கிருந்தே கத்தினாள்.

அடுத்த முறை பறக்கும் ரயிலில் திருமயிலை போகும்போது, ஒரு நிமிஷம் மூக்கைப் பொத்தாமல் கீழே பாருங்கள். அந்தத் தண்ணீர் உங்கள் பாட்டி வீட்டு அடுப்பை எரித்த தண்ணீர். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தால் பால்கோவாவோடு நின்றுவிடாமல் செண்பகத்தோப்பு வரை வாருங்கள். ஓடையில் பாளைப் படகு விட ஒரு சிறுமி இருக்கிறாள். கையில் ஒரு கூழாங்கல் எடுத்து வாருங்கள், சரக்கு ஏற்றிக்கொள்வாள்.